பள்ளி மைதானத்தின் கேட்டைத் திறந்து விடுங்கள்

எங்கள் பஞ்சாயத்து மெம்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், வேலந்தாவளம் பக்கத்து ஊர்க்காரி எழுதுகிறேன். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா வீட்டுக்கு வந்து, முப்பது வயது தாண்டியவர்களை உட்காரவைத்து, சர்க்கரை மாதிரி நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க சுகாதாரத் துறை வைத்திருக்கும் ஷைலி ஆப்பில் விவரம் பதிந்தார். புகையிலை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டு, டேப்பை வைத்து இடுப்பையும் அளந்துவிட்டு, வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைத்து ஏதாவது செய்வீர்களா என்றார். "எங்க போயி நடக்கறது அம்மிணி?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அதற்கு ஆஷா அக்கா பதில் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரோட்டில் நடக்க ஓரமே இல்லை. இருட்டோடு கிளம்பினால் லோடு லாரி, கொஞ்சம் உள்ளே போனால் நாய்க்கூட்டம். பையன்களுக்காவது ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டினால் டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, ஐம்பது வயது அம்மாக்கள் எங்கே போவார்கள்? பள்ளி மைதானம் சும்மாதான் கிடக்கிறது, சாயந்திரம் மணி அடித்ததும் கேட்டுக்குப் பூட்டு.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வில் இந்தியா முழுக்கப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, கேரளத்தில் மட்டும் 25.5 சதவீதம். அதாவது நாலில் ஒருவர். இதற்கு வருஷத்துக்கு ஒருநாள் பேனர் கட்டி, டீ-ஷர்ட் கொடுத்து மினி மாரத்தான் நடத்தினால் போதுமா? ஓடுகிறவர்கள் எப்படியும் ஓடுவார்கள், ஓடாதவர்களை வரவைப்பதுதானே வேலை.

வழி தெரியாமல் கேட்கவில்லை. மலப்புறத்தில் கொண்டோட்டிப் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 2012இல் ஆரம்பித்த மெக் 7 என்கிற கூட்டு உடற்பயிற்சி இன்று மலபார் முழுக்கப் பரவியிருக்கிறது. 21 பயிற்சி, இருபது நிமிஷம் சொச்சம், ஃபீஸ் இல்லை, கருவி இல்லை. ஒரு திடல்தான் வேண்டும், அப்புறம் தினமும் வரச்சொல்லிக் கூப்பிட நாலு பேர். கூப்பிட நாங்கள் இருக்கிறோம். திடல் உங்கள் கையில்.

சாப்பாட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பஞ்சாயத்துக் கூட்டம் எதற்கு வந்தாலும் சர்க்கரை தூக்கலான டீயும் எண்ணெய் சொட்டும் பழம்பொரியும்தான் (நேந்திரம்பழ பஜ்ஜி) தருகிறீர்கள், நோய் தடுப்பு வகுப்புக்கும் அதேதான்! அந்த ஆர்டரைக் குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமாரிடம் கொடுத்து, சுண்டலும் மோரும் கேளுங்கள். மழை குறைந்த எங்கள் மேட்டுக்காட்டில் பாட்டி காலத்தில் சோளமும் கம்பும் ராகியும்தான் விளைந்தன, களியும் கூழும்தான் சாப்பாடு. இதே பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடிக்கு 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டம் வந்தது. அதே மாதிரி நம் வார்டுகளில் தரிசாகக் கிடக்கும் காட்டில் கொஞ்சமாவது விதைக்க விதையும் கூலியும் கொடுத்தால், விளைந்ததை அங்கன்வாடிக்கே வாங்கிக்கொள்ளலாம். இது ஒரே வருஷத்தில் ஆகாது என்று தெரியும், மெதுவாகவே செய்யுங்கள்.

மைதானத்துக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். காலையில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, சாயந்திரம் ஆறிலிருந்து ஏழரை வரை திறந்து விடுங்கள், கேட்டுப் பக்கம் இரண்டு லைட் போடுங்கள். ஹெட்மாஸ்டரிடமும் பிடிஏவிடமும் (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நீங்கள் பேசிவிட்டால், சாவியைக் குடும்பஸ்ரீயின் வார்டு அமைப்பான ஏடிஎஸ் பொறுப்பில் வைத்துக்கொள்கிறோம், பிள்ளைகள் வருவதற்குள் பெருக்கிப் பூட்டித் தருவது எங்கள் வேலை. அடுத்த கிராம சபைக்கு எழுத்தில் கொடுக்கிறோம், அஜெண்டாவில் சேர்த்துவிடுங்கள்.