ஏர் ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும் புழுதி

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) மூடியில் உள்ள இடைவெளி, பாகத்தை மாற்றித் தரவும் எஞ்சினைச் சோதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் 400 சிசி இரட்டை சிலிண்டர் பைக்கை 2024 மார்ச் மாதம் வாங்கினேன். ஐந்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. இதுவரை 11,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிட்டதில்லை; ரசீதுகள் அனைத்தும் என்னிடம் இருக்கின்றன.

என் லேத் பட்டறை சூலூரில் இருக்கிறது. தினமும் திருச்சி சாலையில், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிவரும் லாரிகளுக்குப் பின்னால்தான் போய்வருகிறேன். அதனால் ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது வழக்கம். சென்ற நவம்பரில் டேங்கைத் தூக்கி, உங்கள் கையேட்டில் சொல்லியிருக்கும் முறைப்படியே மூடியைக் கழற்றினேன். ஃபில்டரின் வெளிப்பக்கம் அழுக்காக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ஃபில்டருக்கு உள்ளே, எஞ்சினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை நோக்கிய சுத்தமான பக்கத்தில் விரலை ஓட்டினேன். விரல் நுனியில் மாவு போல வெளிர் பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் தேய்த்தபோது நறநறவென்றது. அந்தப் பக்கத்தில் ஒரு துளி மண்கூட இருக்கக் கூடாது.

எங்கள் தொழிலில் இரண்டு முகங்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க மார்க்கிங் புளூ என்ற நீல மையைத் தடவுவோம். ஃபில்டர் விளிம்பில் அதை மெல்லியதாகத் தடவி, மூடியைப் போட்டு, திருகுகளை முறையாக முறுக்கி, மறுபடியும் திறந்தேன். சுற்றிலும் நீலம் பதிந்திருந்தது. பின்பக்க இடது மூலையில் மட்டும் நான்கு விரல்கடை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் 0.7 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) தடையில்லாமல் உள்ளே போனது. மூடி அங்கே மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டு திருகுகளுக்கு இடையே 14 செ.மீ. தூரம். நடுவில் அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. ஃபோம் சீலும் தட்டையாகப் போய்விட்டது. இது ஓட்டியவரின் குற்றமல்ல, பாகத்தின் குறை.

இதைக் காட்டியபோது உங்கள் சர்வீஸ் மையத்தின் ஆலோசகர், “பிக்கப் குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை, ஐடிலிங்கும் சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன?” என்று கேட்டார். அவர் சொன்ன அறிகுறிகள் எல்லாம் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் கசிவு இருந்தால் வருபவை. அங்கே காற்று புகுந்தால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கும், கலவையில் பெட்ரோல் குறையும், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். என் பைக்கில் இடைவெளி இருப்பதோ த்ராட்டில் பாடிக்கு முன்னால். அதன் வழியாக நுழையும் காற்றும் த்ராட்டிலைக் கடந்தே போவதால் எஞ்சின் வழக்கம்போல ஓடும். எந்த விளக்கும் எரியாது. புழுதி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முழு த்ராட்டிலில் 10,000 சுற்றில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதில் சிறு பங்கு வடிகட்டப்படாமல் போனாலும், கல் தூள் ஆயிலோடு கலந்து, ஆயில் மேலேறி எரியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகளை அரைத்துவிடும். அறிகுறி இல்லை என்பதைச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

டிசம்பரில் மறுபடியும் போய் வற்புறுத்திய பிறகு, “சரிசெய்துவிட்டோம்” என்று வண்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டேங்கைத் தூக்கியதும் வினிகர் வாடை அடித்தது. மூடியின் விளிம்பு முழுக்கச் சாதாரண சிலிக்கான் பேஸ்டைப் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டிருந்தார்கள். அந்த வாடை வரும் வகை காயும்போது வெளிவிடும் ஆவி, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கக் கூடியது. சென்சாருக்குத் தீங்கு செய்யாத வகை தனியாகவே விற்கிறது. மூடியின் உட்புறத்தில் பாலிபுரோப்பிலீனைக் குறிக்கும் ‘பிபி’ என்ற எழுத்துகளை நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த பிளாஸ்டிக்கில் சிலிக்கான் சரியாக ஒட்டாது. பிப்ரவரியில் திறந்து பார்த்தபோது பேஸ்ட் ஓரமெல்லாம் உரிந்திருந்தது. அரிசி நீளத்துக்கு ஒரு துண்டு த்ராட்டில் பாடியின் வாயில், காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகட்டின் ஓரத்தில் சிக்கியிருந்தது. அதைச் சாமணத்தால் எடுத்து, படம் பிடித்து, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

வாங்கிய நாளிலிருந்து பிப்ரவரி வரை இந்த எஞ்சின் ஆயில் குடித்ததில்லை. இப்போது 1,000 கிலோமீட்டருக்கு 300 மி.லி. ஊற்ற வேண்டியிருக்கிறது. இதற்குச் சர்வீஸ் மையம் எழுதித் தந்த பதில், “இயல்பான தேய்மானம், உத்தரவாதத்தில் வராது” என்பது. பதினோராயிரம் கிலோமீட்டரில் இயல்பான தேய்மானமா? என் பட்டறையில் ஒரு ஷாஃப்ட் அளவு தவறிப் போனால் பேஸ்ட் தடவிக் கொடுத்தனுப்ப மாட்டேன். என் செலவில் புதிதாகக் கடைந்து கொடுப்பேன்.

எனக்கு வேண்டியது, ஒழுங்காகப் பொருந்தும் ஏர் பாக்ஸ் மூடியும் அடிப்பெட்டியும் புதிய சீலும். என் முன்னிலையில் மார்க்கிங் புளூ தடவிப் பொருத்தத்தைக் காட்டிவிட்டு மாட்டுங்கள். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, இரண்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சோதனையும் (அழுத்தத்தை அளப்பது) லீக்-டவுன் சோதனையும் (காற்றுக் கசிவை அளப்பது) நடத்தி, அளவுகளை எழுத்தில் தாருங்கள். ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருந்தால் அந்தச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். இதே மூடி பொருத்திய மற்ற வண்டிகளையும் சர்வீஸின்போது திறந்து பார்க்கச் சொல்லி உங்கள் மையங்களுக்குத் தகவல் அனுப்புங்கள். ஃபில்டரின் உள்பக்கத்தை யாரும் தாமாகத் திறந்து பார்ப்பதில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். படங்களின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். உரிந்த சிலிக்கான் துண்டும் ஃபில்டரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் வந்தால் நேரில் காட்டுகிறேன். அதுவரை வண்டியை எடுக்கப் போவதில்லை. பட்டறைக்குப் பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்