டொச்சைத் தமிழில் இருந்தே சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை யாழ் நகரில் இருந்து காங்கேசன்துறை வீதியால் கொக்குவிலுக்கு வரும்போது மதில்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜேர்மனியில் படிக்கலாம், படிப்பு முழுக்க ஆங்கிலத்தில், ஜேர்மன் மொழியான டொச் தெரிய வேண்டியதில்லை என்று எத்தனை விளம்பரங்கள். நானும் அப்படி ஆங்கிலத்தில் நடக்கும் முதுமாணிப் படிப்புக்கு ஸ்டுட்கார்ட் போய், ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவள். விளம்பரத்தில் இருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன், விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் விரிவுரை ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம். மிச்ச நேரம் முழுக்க, வீட்டுக்காரரோடு, வைத்தியரோடு, தபாலில் வரும் அலுவலகக் கடிதங்களோடு, எல்லாம் டொச்சில்தான்.

சரி, அதற்காக எல்லோரும் டொச் படியுங்கள் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. படிக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் அதை எந்த மொழி வழியாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை.

போவதற்கு முன் நான் இங்கே மூன்று மாதம் ஒரு வகுப்புக்குப் போனேன். இலக்கணம் எல்லாம் ஆங்கிலத்தில் விளக்கம், ஆங்கிலத்தில் இருந்து டொச்சுக்கு மாற்றிப் பயிற்சி. ஆங்கிலமும் டொச்சும் சொந்தக்காரர்தானே, இதுதான் சுருக்கு வழி என்று நானும் நம்பினேன். அங்கே போய் விட்ட பிழைகளில் முக்கால்வாசி அந்தச் சுருக்கு வழியால் வந்தவை.

முதல் மார்கழி. குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாளாக வயிற்றைப் பிரட்டிக்கொண்டு இருந்தது. வைத்தியரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் அரை மணித்தியாலம் இருந்திருப்பேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். பிறகுதான் விளங்கியது, பெண்களின் பெயருக்கு முன் போடும் 'ஃபிராவ்' என்ற மரியாதைச் சொல்லைச் சொல்லி அப்பாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அப்பாவின் பெயரில் என்னை ஒருவரும் அதற்கு முன் கூப்பிட்டதில்லை, அவர் கொக்குவிலில் இருக்கிறார், நான் எப்படி எழும்புவேன்?

உள்ளே போனதும் என்ன செய்கிறது என்று கேட்டார். 'ஷ்லெக்ட்' என்றால் கூடாது என்று தெரியும், ஆங்கிலத்து 'ஐ ஆம்' என்பதற்கு 'இஷ் பின்' என்றும் தெரியும், இரண்டையும் ஒட்டி 'இஷ் பின் ஷ்லெக்ட்' என்றேன். வைத்தியர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருத்தினார். நான் சொன்னதற்கு 'நான் கூடாதவள்' என்று அர்த்தம். சொல்ல வேண்டியது 'மிர் இஸ்ட் ஷ்லெக்ட்'. 'மிர்' என்றால் 'எனக்கு'. அதாவது, எனக்கு ஏலாமல் இருக்கிறது. குளிருக்கும் அப்படித்தான், 'மிர் இஸ்ட் கல்ட்', எனக்குக் குளிருது. ஆங்கிலத்தைப் பார்த்து 'இஷ் பின் கல்ட்' என்றால் நான் ஈரம் இல்லாத மனுசி என்று ஆகிவிடும். வெக்கை என்று சொல்லப் போய் 'இஷ் பின்' போட்டால் வருகிற அர்த்தத்தைப் பத்திரிகையில் எழுத முடியாது, நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டு அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அறைக்கு வந்து, போர்வைக்குள் கிடந்துகொண்டு யோசித்தேன். எனக்குத் தலை நோகுது, எனக்கு இது பிடிக்கும், எனக்குக் குளிருது. நாலாம் வேற்றுமை. பள்ளிக்கூடத்தில் உருபுகளைப் பாடமாக்கியவள் நான். டொச்சிலும் அதே இடத்தில் அதே 'எனக்கு' நிற்கிறது. இதைத் தமிழில் ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் அந்த அறையில் நான் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

இது ஒன்று மட்டும் இல்லை. 'அவர் நாளைக்கு வருகிறார் என்று' எழுதும்போது வினையை வசனத்தின் கடைசியில் வைக்க வேண்டும், 'தஸ் எர் மோர்கன் கொம்ட்'. வகுப்பில் இதை ஆங்கிலத்தில் ஏதோ பெரிய அதிசயம் போல விளக்கி, நாங்களும் தலையைப் பிடித்துக்கொண்டு கொப்பியில் எழுதினோம். பிறந்த நாளில் இருந்து வினையைக் கடைசியில் வைத்துக் கதைக்கிற பிள்ளைகளுக்கு இதில் என்ன அதிசயம்? அப்புறம் 'டூ', 'ஸீ', அதாவது நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ' என்று மனதில் பதிந்ததால் என் பேராசிரியரை முதல் நாளே 'டூ' என்று கூப்பிட்டேன், நீ என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்து ஆள் பார்த்துக் கதைக்கிற ஊரில் இருந்து போனவள், இரண்டு படியில் பிழை விட்டேன்.

சொற்களும் அப்படித்தான் காலை வாரும். பருத்தித்துறைப் பிள்ளை ஒருத்தி, அம்மா அனுப்பிய எள்ளுருண்டையைக் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்து, அன்பளிப்பு என்று நினைத்து 'கிஃப்ட்' என்றாள். டொச்சில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு. எழுத்து ஒன்றுதான், அர்த்தம் வேறு. என்னோடு படித்த தம்பி ஒருவன் வேலைக்கான நேர்முகத்தில் 'பிகம்' என்று நினைத்து 'பெகொம்மன்' போட்டான். பொறியியலாளராக வர விரும்புகிறேன் என்று சொல்ல நினைத்தது, பொறியியலாளர் ஒருவர் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லவில்லை. அறை பார்க்க வரச் சொல்லி ஒரு அம்மா தொலைபேசியில் 'ஹல்ப் ட்ரை' என்றார். ஹல்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று, மூன்றரை என்று எடுத்துக்கொண்டு மூன்றரைக்குப் போனேன். அது இரண்டரை. மூன்றாவது மணித்தியாலத்தில் பாதி என்பது அவர்களின் கணக்கு. அறை வேறு ஒருவருக்குப் போய்விட்டது, அதன் பிறகு இன்னொரு அறை கிடைக்க ஏழு கிழமை. புத்தகத்தில் பதினாலு முப்பது என்று மட்டும்தான் படிப்பித்தார்கள், வீட்டில் மனிசர் நேரம் சொல்லும் விதத்தை ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இரண்டே முக்காலை 'ட்ரைஃபீர்டல் ட்ரை' என்பார்கள், மூன்றில் முக்கால் என்று. கால், அரை, முக்கால் பழகிய காதுக்கு, அந்தக் கணக்கை ஒரு தரம் தமிழில் சொன்னால் பிறகு மறக்காது.

எண்களும் அப்படி, நாற்பத்தைந்தை 'ஐந்தும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். 45ஆம் இலக்க வீட்டைத் தேடி 54இல் மணி அடித்திருக்கிறேன். 

என் நம்பிக்கைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனபோது, சித்தப்பா முறையான ஒருவரின் வீட்டில் தங்கினேன். 1985இல் போனவர், உணவகக் குசினியில் வேலை செய்தவர், ஆங்கிலம் தெரியாது, டொச் வகுப்புக்கும் போகவில்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்ததைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். எழுத்துப் பிழை விடுவாராம், அதை அவரே சொன்னார். ஆனால் 'எனக்கு' வர வேண்டிய இடம் எல்லாம் 'மிர்' வந்தது. எப்படி என்று கேட்டதற்கு, 'நான் தமிழில் நினைச்சு டொச்சில சொல்லுவன் பிள்ளை, இடையில வேற ஒண்டும் இல்லை' என்றார். நான் இரண்டு வருடம் கஷ்டப்பட்ட இடம் அது.

இப்போது மாணவர் விசாவுக்கு ஒரு பிள்ளை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டெம்பரில் இருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. காணியை ஈடு வைத்தும் நகையை அடைவு வைத்தும் சேர்க்கிற காசு அது. அவ்வளவும் செய்து அனுப்புகிற பிள்ளை, பிழை விட்டால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு அறைக்குள் இருக்கக் கூடாது. நான் அந்த வைத்தியரிடம் போய் வந்த பிறகு ஒரு மாதம் கடையில்கூட வாய் திறக்கவில்லை. எங்கள் வகுப்புகளில் பிழை விட்டவரைப் பார்த்துச் சிரிப்பது ஒரு பழக்கமாகவே இருந்தது, அந்தப் பயத்தையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோனேன்.

டொச் வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். வேற்றுமையைத் தமிழ் வேற்றுமையோடு வைத்துக் காட்டுங்கள். சோதனைத் தாளுக்கு வெளியே, நேரம் கேட்கவும் வருத்தம் சொல்லவும் அறை விசாரிக்கவும் பிள்ளைகளை வாய்விட்டுக் கதைக்க வையுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் ஜேர்மனியில் இருந்து எத்தனை குடும்பங்கள் வருகின்றன, அங்கே பிறந்து இரண்டு மொழியும் கதைக்கிற பிள்ளைகளோடு. அந்த நாட்களில் ஊர்ச் சனசமூக நிலையங்களில் ஒரு பின்னேரம் அவர்களையும் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து இருத்தினால் போதும், செலவு ஒன்றும் இல்லை. உங்கள் பத்திரிகையும் கிழமைக்கு அரைப் பத்தி ஒதுக்கினால், திரும்பி வந்த மாணவர்கள் தங்களுக்கு நடந்ததை எழுதலாம்.

நான் ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம் தரத் தயார். எங்கள் சனசமூக நிலையத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், கதிரைகள் இருக்கின்றன, கரும்பலகை ஒன்று மட்டும் தேவை.

இப்படிக்கு,
திரும்பி வந்த ஒரு மாணவி,
கொக்குவில்.