வீக் ஊரிலிருந்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

இங்கே வந்த மூன்றாவது நாள் உன் கடிதத்தைப் படித்தேன். அம்மாவின் இரண்டாவது கண்ணுக்கும் அறுவை நல்லபடியாக முடிந்தது என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டேன். முதல் கண்ணின் கட்டைப் பிரித்த அன்று சமையலறைச் சுவரைப் பார்த்து, "இது எப்போ நீலமாச்சு?" என்று கேட்டாராமே. அதைச் செந்திலுக்கும் படித்துக் காட்டினேன்.

அவனுக்கு ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் வேலை நிலைத்துவிட்டது. குளிர் பழகிவிட்டது என்கிறான், நான்தான் மூன்று சட்டை போட்டுக்கொண்டு திரிகிறேன். நாலு நாள் விடுப்பு எடுத்து, காரில் தெற்குக் கரையோரமாக என்னைக் கூட்டிவந்திருக்கிறான். இதை எழுதுவது வீக் என்ற சின்ன ஊரில்.

குட்டிச்சாத்தானுக்குப் பயந்து ரோட்டையே வளைத்துப் போடுகிறார்களாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். தலைநகரை ஒட்டிய கோபவோகுர் ஊரில் அப்படி ஒரு தெரு இருக்கிறது. ஒரு பாறை மேட்டின் பக்கம் வந்ததும் ஒடுங்கி, ஒதுங்கிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத மனிதர்கள் அந்த மேட்டில் குடியிருப்பதாகப் பேச்சு. ஐஸ்லாந்து என்றாலே எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். என் மனசைப் பிடித்துக்கொண்ட கதைகள் வேறு.

முந்தாநாள் ஸ்கோகாஃபோஸ் அருவிக்குப் போனோம். 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே விழுதாக இறங்குகிறது. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தீவில் ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். அப்போது இங்கே வந்தவர்களில் ஒருவன் த்ராசி. தன் பொன் பெட்டியை அருவிக்குப் பின்னால் ஒளித்துவைத்தானாம். பிற்காலத்தில் சிலர் பெட்டியின் வளையத்தில் கயிற்றைக் கட்டி இழுக்க, வளையம் மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த வளையம் என்று சொல்லப்படுவதை ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். முன்பு தேவாலயக் கதவில் இருந்ததாம்.

இதே த்ராசிக்கும் பக்கத்து நிலத்துக்காரன் லோத்முந்துருக்கும் நடந்த சண்டைதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. குடியேறியவர்களின் வரலாற்றைச் சொல்லும் பழைய நூலிலேயே இருக்கிறது. இருவரும் மந்திரம் தெரிந்தவர்கள். ஒரு நாள் காலையில் த்ராசி பெரிய வெள்ளம் வருவதைப் பார்க்கிறான். மந்திரத்தால் அதைக் கிழக்கே லோத்முந்துரின் பக்கம் திருப்பிவிடுகிறான். லோத்முந்துருக்கு வயதாகிப் பார்வை போய்விட்டது. அடிமை ஓடிவந்து, கடல் நிலத்துக்குள் ஏறி வருகிறது என்கிறான். கிழவர் பதறவில்லை. "ஒரு பாத்திரத்தில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவா" என்கிறார். கொண்டுவந்ததும், "எனக்கு இது கடல் தண்ணீராகத் தெரியவில்லை" என்கிறார். பிறகு தன்னைத் தண்ணீர் ஓரம் அழைத்துப்போகச் சொல்கிறார். கைத்தடியை வெள்ளத்தில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, தடியில் இருந்த வளையத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளம் மேற்கே திரும்பிவிடுகிறது. இப்படி மாறி மாறித் தள்ளிவிட்டு, கடைசியில் இருவரும் ஒரு மலை இடுக்கில் சந்திக்கிறார்கள். எது கடலுக்குக் குறுக்கு வழியோ அதிலேயே ஆறு ஓடட்டும் என்று சமாதானம் ஆகிறது. ஆறு இன்றும் எல்லைக்கோடாகத்தான் ஓடுகிறது.

கண் தெரியாத கிழவர் தண்ணீரைச் சோதித்த இடத்தில் உன் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். பார்வை மங்கியிருந்த அந்த ரெண்டு வருஷமும் வாசனையை வைத்தே ரசம் கொதித்ததைச் சொல்வாரே.

ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். தண்ணீர் சாம்பல் நிறம். அழுகிய முட்டை மாதிரி வாடை. இதற்கு நாற்றமடிக்கும் ஓடை என்று இன்னொரு பெயரே உண்டு. மேலே மிர்தால்ஸ்யோகுல் என்ற பனிப்பாளம். அதற்கு அடியில் கட்லா எரிமலை. அதன் வாயுதான் உருகிய நீரோடு கலந்து இறங்குகிறது. எரிமலை பனியை உருக்கினால் மலைப்பக்கமிருந்து திடீர் வெள்ளம் வரும். இது கடல் இல்லை, ஆபத்து முதுகுப்பக்கம் இருக்கிறது என்பதை அந்தக் கிழவர் ஒரு பாத்திரத் தண்ணீரில் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்தினேனே, இப்படிப்பட்ட கதைகளை விவரம் தெரியாத காலத்துக் கற்பனை என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். அது தப்பு, மாலதி. பாலத்தில் நின்றபோது அது உறைத்தது.

அப்புறம் கட்லா. அது ஒரு பெண்ணின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் யோன் ஆர்னசன் திரட்டிய கதைகளில் வருகிறாள். ஒரு மடத்தில் வீட்டு நிர்வாகம் பார்த்தவள். போட்டுக்கொண்டால் எவ்வளவு ஓடினாலும் களைக்காத ஒரு மாயக் கால்சட்டை அவளிடம் இருந்தது. ஆட்டிடையன் பார்தி, காணாமல் போன ஆடுகளைத் தேட அவளைக் கேட்காமல் அதைப் போட்டுக்கொண்டு ஓடி, எல்லா ஆட்டையும் ஓட்டிவந்துவிட்டான். தெரிந்ததும் கட்லா அவனை வாசலருகே இருந்த மோர்த்தொட்டியில் அமுக்கிக் கொன்றாள். நம் மோர் இல்லை, தயிரை வடித்தால் இறங்கும் தெளிநீர். அதைப் புளிக்கவைத்துக் குளிர்காலம் முழுக்கக் குடிப்பார்கள். மாதங்கள் போகப் போகத் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. "சீக்கிரம் பார்தி தெரிந்துவிடுவான்" என்று அவள் தனக்குள் முணுமுணுப்பது மற்றவர்கள் காதில் விழுந்தது. அடி தட்டப்போகிற சமயம், கால்சட்டையை மாட்டிக்கொண்டு பனிப்பாளத்தை நோக்கி ஓடி, அதன் பிளவில் குதித்தாள். உடனே அங்கிருந்து வெள்ளம் கிளம்பி மடத்தை நோக்கி வந்தது.

கொலையைவிட அந்தத் தொட்டியின் மட்டம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தினம் குடிக்கும் தெளிநீர் ஒவ்வொரு குவளையாக இறங்குகிறது, அடியில் என்ன இருக்கிறது என்று ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

கட்லா கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918 அக்டோபரில். வெள்ளம் கொண்டுவந்த மண்ணால் கரை கடலுக்குள் நீண்டுபோனது. 2011 ஜூலையில் சின்னதாக ஒரு வெள்ளம், அதற்கே வீக்குக்குக் கிழக்கே பிரதான சாலைப் பாலம் அடித்துப்போனது. இந்த ஊரில் தேவாலயம் மேட்டின் மேல் இருக்கிறது. கட்லா வெடித்தால் எல்லோரும் அங்கே ஏறிவிட வேண்டும், அதற்கு ஒத்திகையும் உண்டு. நேற்று நானும் ஏறிப் பார்த்தேன், முழங்கால் வலித்தாலும்.

மேட்டிலிருந்து பார்த்தால் கடலில் ரெய்னிஸ்ட்ராங்கர் பாறைகள் கறுப்பாக நிற்கின்றன. 66 மீட்டர் உயரம். மூன்று பாய்மரம் கொண்ட ஒரு கப்பலைக் கரைக்கு இழுத்துவந்த பூதங்கள், விடிந்துவிட்டதால் கல்லாகிவிட்டனவாம். கதை இவ்வளவுதான். ஆனால் அந்தப் பாறைகளை அடுத்த கறுப்பு மணல் கடற்கரையில் அலை சத்தமில்லாமல் வந்து ஆளை இழுத்துவிடும், பலர் செத்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். செந்தில் என் கையை விடவே இல்லை.

நாளை திரும்புகிறோம். அம்மாவுக்கு இந்தக் கட்டையும் பிரித்ததும் எழுது. அந்தக் கிழவர் கதையை அவருக்கு வாசித்துக் காட்டு, தண்ணீரைக் கொண்டுவரச் சொன்ன இடத்தில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
வசந்தி