மீலே போன தண்டவாளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செர்பியாவின் மலை ரயில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். மொக்ரா கோராவின் எட்டு வடிவப் பாதையையும் அதன் சுரங்கங்களையும் அத்தனை விரிவாக எழுதியவர், லாய்கோவட்ஸ் என்ற ஊரின் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆறவில்லை. 'மீலே லாய்கோவட்ஸ் பாதையில் போகிறான்' என்று தொடங்கும் நாட்டுப்பாடலை செர்பியாவில் அறியாதவர்கள் குறைவு.

கொலுபாரா பள்ளத்தாக்கில் உள்ள ஊர் அது. சாவா ஆற்றங்கரையிலிருந்து ஒப்ரெனோவட்ஸ் வழியாக வால்யெவோ வரை 1908-இல் போட்ட குறுகிய பாதை அதைத் தொட்டுச் சென்றது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 760 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடிதான். பின்னர் வேறு திசைகளிலிருந்தும் பாதைகள் வந்து சேரவே, சிறு கிராமம் ரயில் சந்திப்பாகி, இன்ஜின் கொட்டகையும் தொழிலாளர் குடியிருப்புமாக வளர்ந்தது. அந்தக் குட்டி நீராவி வண்டிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் 'சீரா'.

மீலே யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எது நிஜம் என்று துருவுவதில் எனக்கு ஆர்வமில்லை. பாட்டில் அவன் வண்டி ஏறிப் போகவில்லை, பாதையோடு போகிறான். என்னை ஈர்ப்பது அதுதான். கொலுபாராச் சேறு லேசுப்பட்டதல்ல. 1914 நவம்பர், டிசம்பரில் அங்கே நடந்த போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் பீரங்கி வண்டிகள் சேற்றில் சிக்கித் திணறின. அப்படிப்பட்ட மண்ணில், மேடு கட்டிச் சரளைக்கல் கொட்டிய ரயில் பாதையை விட்டால் மழைக்காலத்தில் நடக்க வேறு நல்ல வழி ஏது? டிக்கெட்டுக்குக் காசில்லாதவனும் கடைசி வண்டியைத் தவறவிட்டவனும் ஸ்லீப்பர் கட்டைகளில் கால் வைத்துத்தானே ஊர் சேர்ந்திருப்பார்கள்? மீலே அவர்களில் ஒருவன் என்றே நினைக்கிறேன்.

பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் பார் துறைமுகம் வரை 1976-இல் திறக்கப்பட்ட 476 கிலோமீட்டர் பெரிய ரயில் பாதையும் லாய்கோவட்ஸ் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் அந்த ஊரைப் பாட்டில் ஏற்றியது பழைய குட்டிப் பாதைதான். சுற்றுலாப் பயணிகள் ஏறும் வண்டிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் தரும்போது, கரி அள்ளியவர்களும் பாதை பராமரித்தவர்களும் வாழ்ந்த ஊருக்கும் கொஞ்சம் இடம் வேண்டாமா? கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், லாய்கோவட்ஸுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்