எழுதும் பக்கத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எட்ஜ் டேட்டாபேஸ் (பயனருக்கு அருகிலுள்ள ஊர்களில் நகல் வைக்கும் டேட்டாபேஸ்) கட்டுரையைப் படித்தேன். தகவலைப் படிக்கும் வேகத்தைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், தகவலை எழுதிச் சேமிக்கும் பக்கத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இவ்வகையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தரும் டி1 (D1) சேவைக்கு அடித்தளம் எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருள். டர்சோ (Turso) என்ற இன்னொரு சேவை எழுந்தது அதன் கிளையான லிப்எஸ்க்யூஎல் (libSQL) மேல். நகல்கள் எத்தனை ஊரில் இருந்தாலும், டி1-இல் புதிய பதிவு எல்லாம் ஒரே முதன்மை டேட்டாபேஸுக்குத்தான் போகும். அங்கிருந்து நகல்களுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வாடிக்கையாளர் முகவரியை மாற்றிச் 'சேமி' அழுத்துகிறார். அடுத்த பக்கம் அருகிலுள்ள நகலிலிருந்து வருகிறது, பழைய முகவரியோடு. மனிதர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். இதைத் தவிர்க்க டி1-இல் செஷன் வசதி உண்டு. கடைசி நிலையைக் குறிக்கும் புக்மார்க்கை அடுத்த கேள்வியோடு அனுப்பினால், அதைவிடப் பழைய தகவல் வராது. ஆனால் அது தானாக நடக்காது, கோடில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம் பில். டி1-இல் கணக்கு, படித்த வரிசைகளுக்கு. ஒரு லட்சம் வரிசை உள்ள டேபிளில் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போடாமல் ஒரு செல்போன் எண்ணைத் தேடினால், கிடைப்பது ஒன்றே ஆனாலும் படித்தது ஒரு லட்சம். இலவசத் திட்டத்தின் ஒருநாள் வரம்பு 50 லட்சம். ஐம்பது தேடலில் காலி!

ஒவ்வொரு பதிவும் முதன்மை டேட்டாபேஸ் வரை போய்வர வேண்டுமே, அந்தத் தூரத்தையும் பார்க்கலாம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய்வர எப்படிப் பார்த்தாலும் 130 மில்லிநொடிக்கு மேல். மும்பைக்கு என்றால் பத்துச் சொச்சத்தில் தொடங்கும். வாடிக்கையாளர் எல்லாரும் தமிழ்நாட்டுக்குள் இருக்கும் பில்லிங் மென்பொருளுக்கு, மும்பையில் ஆப்பையும் போஸ்ட்கிரெஸ் (Postgres) என்ற வழக்கமான டேட்டாபேஸ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும் என்பது என் கருத்து. டொரான்டோ, லண்டன், சிங்கப்பூர் வாசகர்கள் படிக்கும் தமிழ்ச் செய்தித்தளமா? சரி, நகல்கள் அங்கே நிஜமாகவே உதவும். படிப்பவர் ஆயிரம் பேர், எழுதுபவர் நாலு பேர். டி1-இல் ஒரு டேட்டாபேஸின் உச்ச அளவு 10 ஜிபி என்பதையும் அவர்கள் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த முறை ஒப்பீட்டு அட்டவணை போடும்போது, எழுத ஆகும் நேரத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை