காப்புறுதி முகவர்களுக்கு மென்பொருள் செய்து தருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கில் பொதுக் காப்புறுதி விற்கும் ஒரு சிறிய முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிறையிலும் பட்டர்வொர்த்திலும் லாரி ஓட்டுபவர்கள், லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்கள் என எங்கள் வாடிக்கையாளர்களில் தமிழர்களே அதிகம். உங்களைப் போன்றவர்களின் மென்பொருளில் இருக்கும் வேலைப் பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல்.

புதுப்பிப்பு நினைவூட்டலில் குறை சொல்ல மாட்டேன். காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது, அதனால் நாங்கள் மறந்தாலும் வண்டிக்காரரே போன் போட்டுவிடுவார். ஆண்டின் நடுவில் வரும் வேலைகளுக்குத்தான் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ஒருவர் தன் காருக்கு வெள்ளப் பாதுகாப்பு சேர்க்கச் சொல்கிறார் என்று வையுங்கள். முழுக் காப்புறுதி இருந்தாலும் வெள்ளம் பொதுவாக அதில் அடங்காது, தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். நாங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிறோம். அனுப்பியதுமே மென்பொருள் பச்சை டிக் போட்டு அந்த வேலையைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறது. எண்டோர்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் மாற்றம் சேர்த்ததற்கு நிறுவனம் தரும் ஆவணம், வந்ததா, வரவில்லையா என்று அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. அந்த மனிதரோ, எல்லாம் சேர்ந்தாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பார். எண்டோர்ஸ்மென்ட் எண்ணைப் பதியாமல் வேலையை மூட முடியாதபடி செய்யுங்கள். நான் கேட்பதில் முக்கியமானது இதுதான்.

கார் மாற்றுவது இன்னும் சிக்கல். பழைய பாலிசியிலிருந்து என்சிடியை, அதாவது இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை, எடுத்துப் புது வண்டிக்கு மாற்ற வேண்டும். ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காமல் ஓட்டியவருக்கு அது 55 விழுக்காட்டுத் தள்ளுபடி, சின்னத் தொகை இல்லை. அப்புறம் புது பாலிசி, அதில் கடன் கொடுத்த வங்கியின் பெயர், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேக்கு மின்வழித் தகவல். ஒன்று நின்றால் அடுத்தது நகராது. மென்பொருளில் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத தனித்தனி வரிகளாகக் கிடக்கின்றன. எது எதற்காகக் காத்திருக்கிறது, பந்து வாடிக்கையாளரிடமா, நிறுவனத்திடமா, வங்கியிடமா என்று பார்த்ததும் தெரிய வேண்டாமா?

கெடு தேதியையும் எங்களையே தட்டச் சொல்கிறீர்கள். மோட்டார் காப்புறுதிக்குப் பணம் கட்டினால்தான் பாதுகாப்பே தொடங்கும், அங்கே தொல்லை இல்லை. கடைக்கான தீக் காப்புறுதியில் பிரீமியம் வாரண்டி, அதாவது கெடுவுக்குள் கட்டணம் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை, இருந்தால் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பணம் சேராவிட்டால் பாலிசி தானாக ரத்தாகிவிடும், பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான கட்டணத்தையும் நிறுவனம் கேட்கலாம். பாலிசி தொடங்கிய தேதி மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. 60 நாளை அதுவே கூட்டிக்கொள்ளாதா?

இன்னொன்று, தீபாவளி விடுமுறையில் போனவர் பெயரில் இருக்கும் வேலைகள் அவர் திரும்பும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. விடுப்பைப் பதிந்ததும் அவை இன்னொருவர் பட்டியலுக்குப் போகட்டும்.

மேலாளர்களுக்கு ‘இந்த வாரம் மூடிய வேலைகள்’ என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டுகிறீர்கள். அவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று, அதனால் எல்லோரும் மூடுவதிலேயே குறியாக இருக்கிறோம். அந்த இடத்தில், பதில் வராமல் பல நாளாகக் கிடக்கும் வேலைகளைப் பழையது முதலில் வரும்படி போடுங்கள். புதுப் பதிப்பு என்றாலே புது வண்ணங்களோடு வருகிறீர்கள். இந்த முறை அவை கொஞ்சம் காத்திருக்கட்டும். செய்ததைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமானால், எங்களைப் போன்ற சிறிய அலுவலகம் ஒன்றில் மாதக் கடைசியில் ஒரு நாள் வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து ஒரு முகவர் அலுவலகப் பணியாளர்