மேற்குக் காற்றுக்குக் காத்திருந்த வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. கிளைடிங் கிளப்போடு ஒரு வாரம் மலைப்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னால் கிடந்தது. "இஞ்சினே இல்லாத விமானம் எப்படி மணிக்கணக்கில் மேலே நிற்கும், விழாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா கேட்கச் சொல்லிக் கேட்டதா, உங்களுக்கே தோன்றியதா தெரியவில்லை. எப்படியானாலும் பதில் ஒன்றுதான்.

விழும் அப்பா. பறக்கிற நேரம் முழுவதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நான் பழகும் ஏஎஸ்கே 21 என்ற இரண்டு இருக்கை கிளைடர், அசையாத காற்றில் நொடிக்கு ஏறத்தாழ முக்கால் மீட்டர் இறங்கும். ஆனால் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் வரை முன்னால் போய்விடும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் 34 கி.மீ. தள்ளித் தரையைத் தொடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சுற்றியிருக்கும் காற்றே நொடிக்கு இரண்டு மீட்டர் மேலே எழுகிறது என்றால்? அந்தக் காற்றுக்குள் நாம் இறங்கிக்கொண்டே இருந்தாலும், மொத்தத்தில் உயரத்தான் போவோம். அப்படி எழும் காற்று எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் விளையாட்டே. எங்கள் கிளப் இருக்கும் சமவெளியில் அதற்கு வெயிலை நம்ப வேண்டும். மலையில் காற்று சரியான திசையில் அடித்தால் போதும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை கிளைடர்களைக் கழற்றி, நீண்ட டிரெய்லர்களில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் மேற்கு ஓரத்திலுள்ள ஷ்ரோப்ஷயருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நாங்கள் போன இடத்துக்கு லாங் மிண்ட் என்று பெயர். வேல்ஸ் எல்லையை ஒட்டி, சுமார் 11 கி.மீ. நீளத்துக்கு மேட்டு நிலமாகப் படுத்திருக்கிறது. அதிக உயரம் இல்லை, உச்சியே 516 மீட்டர்தான். ஆனால் மேற்குப் பக்கம் முழுக்க ஒரே சரிவு. வேல்ஸ் மலைகளைக் கடந்து வரும் காற்று நேராக வந்து அதில் மோதுகிறது. அந்தச் சரிவின் தலைமாட்டிலேயே மிட்லண்ட் கிளைடிங் கிளப் 1934 முதல் இருக்கிறது. நாங்கள் அவர்களுக்கு விருந்தாளிகள். மேலே போகும் பாதையில் எதிரே ஒரு கார் வந்தால் போச்சு. பின்னால் டிரெய்லரை வைத்துக்கொண்டு யார் பின்வாங்குவது? மேடெங்கும் செம்மறி ஆடுகள். ஆகஸ்ட் என்பதால் ஹெதர் செடி பூத்து மலையே ஊதாவாக இருந்தது.

போனதும் பறந்தோம் என்று நினைக்காதீர்கள். முதலில் மேகம் வந்து மலைமேல் உட்கார்ந்துகொண்டது. கீழே சர்ச் ஸ்ட்ரெட்டன் ஊரில் வெளிச்சமாம். மேலே எங்களுக்குக் கொட்டகையின் கதவே தெரியவில்லை. எல்லோரும் தேநீர் குடித்தார்கள், வானிலை வரைபடம் பார்த்தார்கள், மறுபடி தேநீர் குடித்தார்கள். இந்த நாட்டில் எல்லோரும் எப்போதும் வானிலை பற்றியே பேசுவது எனக்கு ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும். இவர்களிடம் அப்படி இல்லை. காற்றழுத்தம், காற்றின் திசை, மேகத்தின் அடிமட்டம் என்று பேசுகிற பேச்சில் விஷயம் இருக்கிறது. சிலர் தங்கள் பழைய சாகசங்களை அவிழ்த்துவிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உயரம் ஓர் ஆயிரம் அடி கூடிவிடுகிறது என்பது என் சந்தேகம்.

அந்த நாட்களில் எனக்குப் பாடம் எடுத்தவர் எழுபதைத் தாண்டியவர். எங்கள் கிளப்பில் பயிற்சியாளர்கள் யாரும் இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பதினாறு வயதுப் பையன்கூட. எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பக்கத்தில் போய் நின்று, அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து பேச ஆரம்பிப்பேன். அவருக்கும் அது தெரியும் போல, சீக்கிரமே திரும்பிவிடுவார்.

அப்புறம் ஒரு காலையில் மேற்குக் காற்று வந்தது.

வழக்கமாக எங்களை மேலே இழுப்பது விஞ்ச். மைதானத்தின் மறுமுனையில் பெரிய இஞ்சினும் உருளையும் இருக்கும். அது கேபிளைச் சுருட்டும்போது கிளைடர் சில நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும். உச்சிக்குப் போனதும் மஞ்சள் கைப்பிடியை இழுத்துக் கேபிளை விட்டுவிட வேண்டும். ஆனால் லாங் மிண்டில் மேற்குக் காற்று பலமாக அடித்தால் விஞ்சே வேண்டாம். பஞ்ஜி போதும். பஞ்ஜி என்பது ஒரு நீண்ட ரப்பர் கயிறு. இன்று உலகில் மிகச் சில இடங்களில்தான் இதை வைத்துக் கிளைடரை ஏவுகிறார்கள்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கிளைடரைச் சரிவின் விளிம்பில், காற்றைப் பார்த்து நிறுத்துவார்கள். கயிற்றின் நடுவை மூக்குக்கு அடியிலுள்ள கொக்கியில் மாட்டி, இரண்டு முனைகளையும் கவட்டை போல விரித்துப் பிடிப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் சிலர். ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் இறக்கை நுனியைத் தாங்குவார். "நட!" என்று குரல் வரும். கயிறு பிடித்தவர்கள் சரிவில் இறங்கி நடப்பார்கள். கயிறு விறைக்கும். "ஓடு!" என்றதும் விழுந்தடித்து ஓட வேண்டும், புதரோ பள்ளமோ பார்க்க முடியாது. வாலை விட்டதும் கிளைடர் துள்ளி, ஓடுகிறவர்களுக்கு மேலாக, 'ஸ்ஸ்' என்ற ஒரு சத்தத்தோடு போய்விடும். கயிறு தானாகக் கழன்று புல்லில் விழும். இழுத்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்து அடுத்த ஆளை அனுப்பத் தயாராவார்கள். அன்று என்னோடு கயிறு பிடித்தவர்களில் ஒரு மருத்துவர், ஒரு லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவி ஒருத்தி எல்லோரும் இருந்தார்கள். யார் என்ன வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அலுவலகத்தில் இத்தனை மாதமாகியும் பக்கத்து மேசைக்காரரிடம் 'குட் மார்னிங்' தாண்டிப் பேச்சு வரவில்லை. இங்கே ஒரு காலையில் எல்லோருடைய பூட்ஸ் அளவும் தெரிந்துவிட்டது.

என் முறை வந்தது. பெரியவர் பின் இருக்கையில். கிளம்பும் முன் ஒரு வரிசையாகச் சோதனைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கட்டுப்பாடுகள், எடை, இடைவார், கருவிகள், கண்ணாடி மூடி, ஏர்பிரேக். கடைசியில் "ஏதாவது தவறினால் என்ன செய்வேன்" என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் திசையில் காற்று, கேபிள் அறுந்தால் மூக்கை எவ்வளவு இறக்குவேன், நேராக இறங்க இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவேன் எல்லாம். தனியாகப் பறக்க விடுவதற்கு முன் கேபிள் அறுந்த மாதிரி வேண்டுமென்றே செய்து பலமுறை பழக்கிவிடுகிறார்கள். முதுகில் பாராசூட்டும் இருக்கும். அம்மாவிடம் பாராசூட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், கேபிள் கதை வேண்டாம்.

சரிவை விட்டு வெளியே வந்ததுமே கீழிருந்து யாரோ உள்ளங்கையில் தாங்கியது போல இருந்தது. மோதிய காற்று மேலே போவதைத் தவிர வழியில்லாமல் எழுகிறது. அந்தப் பட்டைக்குள் நாம் இருந்தால் அதுவே தூக்கிக்கொள்கிறது. முன்னால் வேரியோமீட்டர் என்று ஒரு கருவி. ஏறும்போது 'பிப் பிப்' என்று சந்தோஷமாகவும், இறங்கும்போது முனகலாகவும் சத்தம் போடும். அதைவிட எனக்குப் பிடித்தது கண்ணாடி மூடியில் ஒட்டியிருக்கும் ஒரு துண்டுக் கம்பளி நூல். நூல் நேராக இருந்தால் நாம் காற்றில் நேராகப் போகிறோம். கோணினால் காலில் உள்ள மிதியைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவு விலை உயர்ந்த கருவிகளுக்கு நடுவில் அந்த நூலை எதனாலும் மிஞ்ச முடியவில்லை.

சரிவை ஒட்டிப் போவது, முனையில் திரும்புவது, மறுபடி வருவது. திரும்பும்போது எப்போதும் மலைக்கு வெளிப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். எதிரே கிளைடர் வந்தால் மலையைத் தன் வலப்பக்கம் வைத்திருப்பவருக்கு வழி. மலையை இடப்பக்கம் வைத்திருப்பவர் வலது பக்கம் விலகி வெளியே போக வேண்டும். வலது கையில் மலை இருப்பவர் வலது பக்கம் ஒதுங்க முடியாதே! இது எழுதி வைத்த சட்டம் என்பதைவிட, யோசித்தால் தானாக வருவது. அன்று அந்தச் சரிவில் நிறைய கிளைடர்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். "கருவியைப் பார்க்காதே, வெளியே பார்" என்பதே பெரியவர் எனக்குச் சொன்ன பாதிப் பாடம்.

எதிரே ஸ்டைப்பர்ஸ்டோன்ஸ் மலையின் பாறைமுகடுகள். அந்தப் பக்கமிருந்து ஒரு ரெட் கைட் பருந்து வந்து எங்களுக்குக் கொஞ்சம் மேலே வட்டமிட ஆரம்பித்தது. "அது இருக்கும் இடத்துக்குப் போ" என்றார் பெரியவர். போனோம். வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்று, அதாவது தெர்மல், அங்கே இருந்தது. ஏற்கெனவே வட்டமிடுபவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அதே பக்கம்தான் பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும் என்பது விதி. பருந்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தோம். ஆடுகள் புள்ளிகளாகிவிட்டன.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். விளிம்பைத் தாண்டியதும் காற்று கீழே சுருண்டு விழும். அதில் மாட்டினால் மைதானத்தை எட்டுவதற்குள் உயரம் கரைந்துவிடும். அதனால் வேகத்தைக் கூட்டி வர வேண்டும். அன்று கடைசி நூறடியைப் பெரியவர்தான் பார்த்துக்கொண்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன், அதுவே நிம்மதியாக இருந்தது.

அதே வாரத்தில் எங்கள் ஆள் ஒருவர் தனி இருக்கை கிளைடரில் சரிவை விட்டு வெகுதூரம் போய், தெர்மல் கிடைக்காமல், அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில் இறங்கிவிட்டார். இது விபத்து இல்லை அப்பா, பயிற்சியிலேயே இருக்கும் விஷயம். மேலிருந்து வயலைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். மின்கம்பி நேரடியாகத் தெரியாது, கம்பங்களைத் தேடு. சரிவு மேலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த வயல் வேண்டாம். கால்நடை இருந்தால் வேண்டாம். போன் வந்ததும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு நாங்கள் சிலர் போனோம். விவசாயி டிராக்டரில் வந்து எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று காட்டினார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன்; அவர் கிளைடரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே" என்றார். வாலின் குறுக்குப் பலகையைக் கழற்றி, பின்களை உருவி, இறக்கைகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தோம். இறக்கையின் அடிப்பக்கம் நல்ல கனம், நுனி லேசு. நுனியை எனக்குக் கொடுத்தார்கள். திரும்பி வர இருட்டிவிட்டது. எங்களுக்கான சாப்பாட்டை யாரோ மூடி வைத்திருந்தார்கள்.

நீங்கள் எண்களை விரும்புகிறவர் என்பதால் இன்னொன்று. வாரக் கடைசியில் வானத்தில் லென்ஸ் வடிவ மேகங்கள் நின்றன. காற்றடித்தும் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். வேல்ஸ் மலைகளைத் தாண்டும் காற்று, கல்லைத் தாண்டும் ஓடைத் தண்ணீர் போல அலை அலையாக மேலும் கீழும் போவதால் வருபவை. அந்த அலையின் ஏறும் பக்கத்தைப் பிடித்தால் மலை உயரத்தைவிடப் பல மடங்கு மேலே போகலாம். 10,000 அடிக்கு மேல் போகிறவர்கள் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள வேண்டும். (இங்கே உயரம் அடிக் கணக்கில், வேகம் கப்பல்களுக்குச் சொல்வது போல 'நாட்' (knot) கணக்கில். மீட்டரில் யோசிக்கும் எனக்கு இன்னும் மனக்கணக்குதான்.) 2018-இல் அர்ஜென்டினாவில் பெர்லான் 2 என்ற கிளைடர் இந்த மலை அலையைப் பிடித்தே 76,000 அடிக்கு மேல் போயிருக்கிறது. பயணிகள் ஜெட் பறக்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, இஞ்சின் இல்லாமல்! நாங்கள் இங்கே வந்த அலையின் ஓரத்தை மட்டும் தொட்டோம். அதுவரை உலுக்கிக்கொண்டே இருந்த காற்று திடீரென்று எண்ணெய் போல வழுவழுப்பாகிவிட்டது. பெரியவர் பின்னால் ஒன்றுமே பேசவில்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மூடி வழியே வேல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து எனக்கு முன்னால் இருப்பது 'சில்வர் பேட்ஜ்' என்ற தகுதிச் சின்னம். 50 கி.மீ. தூரம் போக வேண்டும், ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும், ஐந்து மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு லாங் மிண்ட் சரிவுதான் தோதான இடம் என்கிறார்கள். அதற்கு முன் தேர்வுகள், நிறைய தனிப் பறப்புகள் எல்லாம் பாக்கி. அடுத்த வருடப் பட்டியலில் இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன்.

படங்களைத் தனியாக அனுப்புகிறேன். கயிறு பிடித்து ஓடும் படத்தில் இடப்பக்கம் கடைசியில், முகம் சுளித்துக்கொண்டிருப்பது நான். அம்மாவின் முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்